ரிசர்வ் பெஞ்சும் ராக்னியும்



யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். விஞ்ஞானி, கவிஞர், தலைவர் என்று மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுதப்போவது ஒரு கோச்சைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு. 2010-ல் மெக்கானிக்கல் முடித்த எனக்கு இந்தக் கல்லூரியில் நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது என்றால், அது ஃபுட்பால் டீமின் ரிசர்வ் பெஞ்ச்தான். மூன்று வருஷம் இரண்டாவது கோல் கீப்பர். ஜெர்சி உண்டு, லிஸ்டில் பெயர் உண்டு, ஆட்டம்தான் கிடையாது. கடைசி வருஷம் ஓர் அரையிறுதியில் முதல் கீப்பருக்கு விரல் பிசகிவிட்டது. என்னை இறக்கினார்கள். இருபது நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கினேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு வேலை நிமித்தமாக அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இரண்டு வருஷம் இருக்க நேர்ந்தது. அந்த ஊர்ப்பக்கம் நூட் ராக்னி என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சவுத் பெண்ட் நகரின் நோட்டர் டேம் பல்கலைக்கழக டீமுக்கு 1918 முதல் 1930 வரை தலைமைக் கோச். அவர்கள் ஃபுட்பால் நம்ம ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, எதிரே வருபவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது. ஆனால் பக்கத்துக்குப் பதினொரு பேர், வெளியே ஒரு பெஞ்ச் என்பது மட்டும் இங்கே மாதிரியேதான்.

ராக்னி பிறந்தது நார்வே நாட்டின் வோஸ் என்ற ஊரில், 1888 மார்ச் 4 அன்று. அப்பா வண்டி செய்பவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி அவர் அமெரிக்கா போக, குடும்பமும் பின்னால் போனது. பையனுக்கு அப்போது ஐந்து வயது. வளர்ந்ததும் சிகாகோ தபால் இலாகாவில் சில வருஷம் வேலை. காசு சேர்த்துக் கல்லூரியில் நுழைந்தபோது வயது 22. கூடப் படித்தவர்கள் பலருக்கு அண்ணன் வயசு! முதல் வருஷம் கல்லூரி டீமில் சேர்த்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. திரும்ப ஹாஸ்டல் டீமுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்திலேயே அங்கே ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் போட்டி உண்டு. இந்த இடத்தைப் படித்ததும்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

1913-ல் அவர்தான் கேப்டன். பந்தை முன்னோக்கி எறிவது 1906-லேயே விதிப்படி அனுமதிக்கப்பட்டும், அதை நம்பி ஆடியவர்கள் குறைவு. அந்தக் கோடையில் ஒஹாயோ மாநிலத்து சீடர் பாயிண்டில் வேலைக்குப் போன ராக்னியும் நண்பர் கஸ் டோரேயும் ஏரிக்கரை மணலில் எறிவதும் பிடிப்பதுமாகப் பழகினார்கள். நவம்பர் 1 அன்று ராணுவக் கல்லூரி டீமை 35-13 என்று தோற்கடித்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

படிப்பிலும் மட்டமில்லை. 1914-ல் பட்டம் வாங்கி, அதே கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். செயற்கை ரப்பருக்கு வழிவகுத்த ஆராய்ச்சியைச் செய்த ஜூலியஸ் நியூலண்டின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். கூடவே உதவிக் கோச். 1918-ல் முழுப் பொறுப்பும் வந்தது. 13 சீசனில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா. கின்னஸ் கணக்கு எழுத நான் வரவில்லை. சீசன் தொடங்கும் முன் தன் டீமில் எத்தனை ஆழம் என்று அவர் எப்படி அளந்தார் என்பதுதான் என் விஷயம்.

அன்றைய விதி கடுமையானது. தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். முதல் பாதியில் வெளியே வந்தவன் அந்தப் பாதி முடியும்வரை திரும்ப உள்ளே போக முடியாது. ஆகவே ரிசர்வ் பலமில்லாத டீம் கடைசிக் கால் மணி நேரத்தில் உட்கார்ந்துவிடும். 1920 டிசம்பரில் அவருடைய சிறந்த ஆட்டக்காரர் ஜார்ஜ் கிப் நோயில் விழுந்து 25 வயதில் இறந்துபோனார். ஒருவரை நம்பிக் கட்டிய கட்டடம் என்ன ஆகும் என்பது ராக்னிக்கு அன்றே தெரிந்திருக்கும். 1922-ல் காஸ்ட்னர் என்ற முக்கிய ஆட்டக்காரருக்கு இடுப்பு முறிந்தது. அந்த ஓட்டையை அடைக்க லேடன் என்ற பையனை இடம் மாற்றிப் போட்டார். ஸ்டூல்ட்ரெஹர், மில்லர், க்ரௌலி, லேடன் என்ற நால்வர் கூட்டணி அப்படித்தான் உருவானது. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்கா முழுக்க நான்கு குதிரைவீரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

1924-ல் ராக்னி செய்த காரியம் இன்னும் விசேஷம். இந்த நால்வரையும் வெளியே உட்காரவைத்து, இரண்டாவது டீமைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்குவார். எதிரி களைப்பான், அவன் பலவீனமும் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு முதல் டீம் புதுத்தெம்போடு இறங்கும். பத்து ஆட்டம், பத்து வெற்றி. எனக்குப் பட்டது வேறு. இரண்டாவது டீம் பையன்கள் ஒவ்வொரு வாரமும், ஸ்கோர் 0-0 இருக்கும்போதே, நிஜமான எதிரியோடு மோதினார்கள். ஆட்டம் ஜெயித்த பிறகு கடைசி இரண்டு நிமிஷம் இறக்கிவிடுவதும் இதுவும் ஒன்றா?

ஆனால் அளப்பதில் அவரும் ஒருமுறை தப்பு செய்தார். அது நடந்தது 1926-ல். எட்டு ஆட்டம் எட்டு வெற்றி. எட்டிலும் சேர்த்து எதிரிகள் எடுத்தது 7 புள்ளிதான். ஒன்பதாவது ஆட்டம் பிட்ஸ்பர்க்கில், கார்னகி டெக் என்ற இன்ஜினியரிங் கல்லூரியோடு. இதற்கு நாம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, பொறுப்பை உதவியாளர் ஹங்க் ஆண்டர்சனிடம் கொடுத்துவிட்டு, சிகாகோவில் ராணுவமும் கடற்படையும் மோதிய பெரிய மேட்சைப் பார்க்கப் போய்விட்டார். வழக்கம்போல இரண்டாவது டீம்தான் முதலில் இறங்கியது. முடிவு 19-0. நம்ம இன்ஜினியரிங் இனம் ஜெயித்தது என்று ஒரு பக்கம் எனக்குச் சந்தோஷம்தான்! ஆனால் பாடம் ராக்னிக்கு. பெஞ்சில் ஆள் இருந்தார்கள், எப்போது யாரை மாற்றுவது என்று பார்க்கும் கண் ஊரில் இல்லை. 1928-ல் இன்னும் மோசம், 5 வெற்றி, 4 தோல்வி.

அடுத்த வருஷம் அவருக்கே சோதனை. காலில் ரத்தக்குழாய் அழற்சி.  புது மைதானம் கட்டிக்கொண்டிருந்ததால் 1929-ல் ஒன்பது ஆட்டமும் வெளியூரில். டாம் லீப் என்ற உதவியாளர் பல வாரம் டீமை நடத்தினார். ஒன்பதிலும் வெற்றி. 1926-ல் ஆளை நம்பிவிட்டுப் போனார், 1929-ல் ஆளைத் தயார் செய்து வைத்திருந்தார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1930 கடைசி ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில், தெற்கு கலிபோர்னியா டீமோடு. ஃபுல்பேக் இடத்தில் ஆடிய சவோல்டி நடு சீசனில் கல்லூரியை விட்டே போய்விட்டார். அடுத்தவர் மல்லின்ஸுக்கு அடிபட்டிருந்தது. ராக்னி, வேறு இடத்தில் ரிசர்வாக இருந்த ஓ'கானரைப் பிடித்து அங்கே போட்டார். அந்தப் பையன் இரண்டு முறை எல்லையைத் தொட்டான். 27-0. அதுதான் ராக்னியின் கடைசி ஆட்டம் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1931 மார்ச் 31. லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிய ஃபோக்கர் விமானம் கான்சாஸ் மாநிலத்தில் பசார் என்ற ஊர்ப்பக்கம் விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். ராக்னிக்கு வயது 43. மரத்தால் ஆன இறக்கை. உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டுப்போயிருந்தது என்பது விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு அமெரிக்காவில் விமானப் பரிசோதனை கடுமையானது, முழு உலோக விமானங்களுக்கு மவுசு வந்தது. அவரைப் பறிகொடுத்துத்தான் அது நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

போன மாதம் நம் மைதானத்துக்குப் போயிருந்தேன். தம்பிகள் டீம் லிஸ்ட்டைக் காட்டினார்கள். 22 பெயர், பார்க்க அழகாக இருந்தது. போன வருஷம் ஒரு முழு ஆட்டமாவது ஆடியவர்கள் கை தூக்குங்கப்பா என்றேன். பன்னிரண்டு கை. இரண்டாவது கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

ஆகவே மலர்க் குழு மூலமாக ஒரே ஒரு வேண்டுகோள். சங்கமம் நாளில் வழக்கமாக நடக்கும் பழைய மாணவர் மேட்சில், இந்த முறை கல்லூரி சார்பில் அந்தப் பத்துப் பேரை முதலில் இறக்குங்கள். அந்தக் கீப்பரைத் தொண்ணூறு நிமிஷமும் நிற்கவிடுங்கள். சீசன் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. எதிர்க் கோலில் நான் நிற்கிறேன். மூன்றுக்கு மேல் வாங்கினால் டிபன் செலவு என்னுடையது.