நாணலை நாடிய நங்கை: டாக்டர் ஜானகி அம்மாள்

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய்க் கரைகளில் வெண்பூ அசைய நிற்கும் நாணலைப் பார்த்திருப்பீர்கள். அது வயலுக்குள் வேரோடிவிட்டால் உழவருக்குத் தீராத தொல்லை. ஆனால் பொங்கலன்று நாம் கடித்துச் சுவைக்கும் கரும்புக்கு அந்த நாணல் நெருங்கிய உறவு. அவ்வுறவை நுணுகி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஓர் இந்தியப் பெண்மணி. அவரே டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கேரளத்தின் தலச்சேரியில் அவர் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் நீதிபதி. பறவைகளையும் செடிகொடிகளையும் நேசித்தவர். அந்த நேசம் மகளுக்கும் வாய்த்தது. நம்மைப் போலவே அவரும் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றவர். தலச்சேரி திரு இருதய கான்வென்டில் படிப்பை முடித்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையானார்.

பெண்ணுக்குத் திருமணமே முடிவு என்று கருதப்பட்ட காலம் அது. ஜானகியோ இல்லறத்தை நாடாமல், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குக் கப்பலேறினார். 1931இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். பருத்த கரும்பில் இனிப்பு மிகுதி. ஆனால் நோயையும் வறட்சியையும் அது தாங்காது. நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் எதையும் தாங்கும் உறுதி உண்டு. இவ்விரண்டையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் கரும்பு 1918லேயே அங்கிருந்து வெளிவந்திருந்தது. பார்பர், வெங்கட்ராமன் ஆகியோரின் சாதனை அது. அந்தக் கலப்பினுள் நடப்பது என்ன என்று ஜானகி ஆராய்ந்தார். உயிரணுக்களில் நூலிழை போல் கிடக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். எந்தச் செடி எதற்கு உறவு, எதனோடு எது கலக்கும் என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது. கரும்பை மக்காச்சோளத்துடனும், சோளத்துடனும், களையாகப் பரவும் புல்லுடனும் கலந்து பார்த்தார்.

ஆண்களே நிறைந்திருந்த அக்கால ஆய்வுக்கூடங்களில், தனித்து வாழும் ஒரு பெண்ணின் பாதை மலர்ப்பாதையாக இருக்கவில்லை. சாதி வேற்றுமையும் அவரை வாட்டியதென்பர். ஆயினும் அவர் சோர்ந்து அமரவில்லை.

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றபோது உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, குண்டுமழைக்கு நடுவிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1945இல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து ஒரு பெருநூலை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி மலர்கின்றது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையில் சென்னையை அடுத்த மதுரவாயலில் எளிமையாக வாழ்ந்து, ஆய்வையும் விடாது தொடர்ந்தார்.

கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டை மூழ்கடிக்கும் அணைத் திட்டம் எழுந்தபோது, எண்பது வயதை எட்டிய அந்த அம்மையார் அதை உறுதியாக எதிர்த்தார். பயிரைச் செழிக்கச் செய்யும் காட்டு உறவுகள் அழிந்துவிட்டால் அவற்றை யாரால் மீண்டும் படைக்க முடியும்? 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தம் 86ஆம் வயதில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை; ஆனால் காடு நிலைத்தது. தாவர வகைப்பாட்டியலில் சிறந்தோருக்கென இந்திய அரசு அவர் பெயரால் விருதை நிறுவியது.

தோழியரே! பள்ளி வேலியோரத்துத் தும்பையும் குப்பைமேனியும் நெருஞ்சியும் வெறும் களைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் குடும்பமும் உறவும் உண்டு. படைத்தவர் வீணாக எதையும் படைக்கவில்லை. இன்று வீடு செல்லும் வழியில் ஒரு செடியின் பெயரையாவது கேட்டு அறிவோமா? ஜானகி அம்மாளும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்.