கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல்

கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் (செப்டம்பர் 22, 1750 – ஏப்ரல் 7, 1816) செருமானியத் தாவரவியலாளரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். பூக்களின் நிறம், தேன், வடிவம் ஆகியவை பூச்சிகளின் வழியாக மகரந்தச் சேர்க்கை நிகழ்வதற்கு ஏற்றவாறு அமைந்துள்ளன என்பதை விரிவான நேரடி அவதானிப்புகள் மூலம் விளக்கியவர். இவரது வாழ்நாளில் பெரிதும் புறக்கணிக்கப்பட்ட ஆய்வுகள், பிற்காலத்தில் சார்லஸ் டார்வினின் வழியாகப் பரவலாக அறியப்பட்டன.

வாழ்க்கைக் குறிப்பு

ஸ்பிரெங்கல் பிரசிய நாட்டின் பிராண்டன்பர்க் நகரில் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றபின் பெர்லினில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1780 ஆம் ஆண்டில், பெர்லினை அடுத்திருந்த ஸ்பாண்டாவ் நகரப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். அங்கு உடல்நலம் குன்றியபோது, எர்ன்ஸ்ட் லுட்விக் ஹைம் என்னும் மருத்துவர் திறந்தவெளியில் உலவித் தாவரங்களை ஆராயுமாறு அறிவுறுத்தினார். இவர் தாவரவியலில் ஈடுபட இதுவே தொடக்கமாயிற்று.

பின்னணி

தாவரங்களிலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதை 1694 இல் ருடால்ஃப் காமராரியஸ் சோதனைகள் மூலம் நிறுவியிருந்தார். சில தாவரங்களில் பூச்சிகளே மகரந்தத்தைச் சூலகமுடிக்குக் கொண்டுசெல்கின்றன என்பதை 1760களில் யோசப் கோல்ராய்ட்டர் கண்டறிந்தார். ஆயினும், ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாக அமைந்த பூக்கள் தம் மகரந்தத்தாலேயே கருவுறுகின்றன என்னும் கருத்தே பரவலாக இருந்தது.

ஆய்வுகள்

1787 ஆம் ஆண்டில் செரானியம் இனச் செடி ஒன்றின் பூவை ஆராய்ந்த ஸ்பிரெங்கல், இதழ்களின் அடியில் மெல்லிய மயிர்கள் இருப்பதைக் கண்டார். அவை மழைநீர் கலந்துவிடாமல் தேனைக் காக்கின்றன என்றும், அத்தேன் பூச்சிகளுக்காகவே சுரக்கின்றது என்றும் கருதினார். பின்னர் மயோசோட்டிஸ் பூவின் நடுவில் உள்ள மஞ்சள் வளையம் தேன் இருக்கும் இடத்தைப் பூச்சிக்குக் காட்டும் குறி என விளக்கினார். இத்தகைய குறிகள் இன்று தேன்வழிகாட்டிகள் எனப்படுகின்றன.

எப்பிலோபியம் செடியில் மகரந்தப்பைகள் முதலிலும் சூலகமுடி பின்னரும் முதிர்வதை இவர் கண்டறிந்தார். இதனால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவைக் கருவுறச் செய்வது தடுக்கப்படுகின்றது. இந்நிகழ்வு இருகால முதிர்வு எனப்படும். பெண் உறுப்பு முன்னதாக முதிரும் பூக்களையும் இவர் விவரித்தார்.

புற்கள் போன்றவற்றின் பூக்களில் தேனோ கவர்ச்சியான நிறமோ இல்லை. மாறாக, எளிதில் பறக்கும் மகரந்தம் மிகுதியாக உண்டு. இவை காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன என இவர் வேறுபடுத்திக் காட்டினார். சில ஆர்க்கிட் பூக்களில் தேன் இல்லை என்றும், அவை தேன் இருப்பது போலத் தோற்றமளித்துப் பூச்சிகளை ஏமாற்றுகின்றன என்றும் எழுதினார்.

நூலும் வரவேற்பும்

இவ்வாய்வுகளைத் தொகுத்து, பூக்களின் அமைப்பிலும் கருவுறுதலிலும் கண்டறியப்பட்ட இயற்கையின் இரகசியம் என்னும் பொருள்படும் தலைப்பில் 1793 இல் பெர்லினில் நூலொன்றை வெளியிட்டார். அதில் 461 தாவரங்களைப் பற்றிய குறிப்புகளும் இவர் வரைந்த படங்களைக் கொண்ட 25 படத்தாள்களும் இடம்பெற்றன.

நூல் போதிய வரவேற்பைப் பெறவில்லை. கவிஞரும் தாவர ஆய்வாளருமான கேத்தே இவரது கருத்தை ஏற்கவில்லை. ஒரு பூ தன் மகரந்தத்தையே ஏற்காமல் வேறு பூவின் மகரந்தத்தைப் பெறுவதால் தாவரத்துக்கு என்ன நன்மை என்னும் கேள்விக்கு நூலில் விடை இல்லாததும் ஒரு குறையாக இருந்தது. இவர் எண்ணியிருந்த இரண்டாம் பகுதி வெளிவரவேயில்லை.

இறுதிக்காலம்

மேலதிகாரிகளுடன் ஏற்பட்ட பிணக்குகளின் முடிவில், 1794 இல் சிறு ஓய்வூதியத்துடன் பள்ளிப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதன்பின் பெர்லினில் குடியேறி, மொழிகளும் தாவரவியலும் கற்பித்து எளிமையாக வாழ்ந்தார். 1811 இல் தேனீக்களின் பயன் குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். பயிர்கள் நன்கு காய்த்து விளைவதற்குத் தேனீ வளர்ப்பு இன்றியமையாதது என்பது அதன் மையக்கருத்தாகும். 1816 ஆம் ஆண்டில் பெர்லினில் காலமானார்.

தாக்கம்

தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் பரிந்துரையின்பேரில் டார்வின் 1841 இல் இந்நூலைப் படித்தார். ஆர்க்கிட் பூக்களைப் பற்றி 1862 இல் தாம் வெளியிட்ட நூலில் ஸ்பிரெங்கலின் பணியை எடுத்துக்காட்டினார். அயல் மகரந்தச் சேர்க்கையால் தோன்றும் செடிகள் பெரும்பாலும் வலிமையும் வளமும் மிக்கவையாக இருப்பதைச் சோதனைகள் மூலம் 1876 இல் விளக்கினார். ஸ்பிரெங்கல் விடுத்துச்சென்ற கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

ஆர்க்கிட் பூக்கள் ஏமாற்றுகின்றன என்பதை மட்டும் டார்வின் நம்பவில்லை. ஆயினும் பிற்கால ஆய்வுகள் அதிலும் ஸ்பிரெங்கல் கூறியதே சரியெனக் காட்டின. இன்று இவர் மகரந்தச் சேர்க்கைச் சூழலியலின் முன்னோடியாகக் கருதப்படுகின்றார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்பிரெங்கலியா என்னும் தாவரப் பேரினம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.