அன்னையரைக் காத்த அறிஞன்

பிள்ளைப்பேறு நம் முன்னோரிடையே மறுபிறவி எனப்பட்டது. தாய் பிள்ளையைப் பெற்று இரண்டொரு நாளில் குளிருங் காய்ச்சலுங் கண்டு, வயிறு வீங்கி, பிதற்றி மாண்டுபோவதைக் கண்ட பழங்காலத்தவருக்கு அப்பெயர் வெறும் அணியன்று. இந்நோய்க்கு நாம் பிரசவசன்னி என்று பெயரிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய வைத்தியசாலைகளில் இது கொள்ளைநோய் போலப் பரவியிருந்தது. வைத்தியர் கல்வி எங்கே சிறந்து விளங்கியதோ, அங்கேதான் இது மிகுதியாக இருந்தது. இம்முரண்பாட்டின் காரணத்தைக் கண்டவர் இக்னாஸ் செம்மெல்வைஸ்.

1818ஆம் ஆண்டு யூலை 1ஆந் தேதி ஹங்கேரியின் புடா நகரில், செல்வமுள்ள பலசரக்கு வணிகர் ஒருவரின் ஐந்தாம் பிள்ளையாக அவர் பிறந்தார். 1837இல் சட்டம் பயில வியன்னாவுக்குச் சென்றவர், அடுத்த ஆண்டே மருத்துவத்துக்கு மாறினார். 1844இல் பட்டம் பெற்று, 1846இல் வியன்னாப் பொது வைத்தியசாலையின் முதலாம் பிரசவப் பிரிவில் பேராசிரியர் யோகான் கிளைனுக்கு உதவி வைத்தியரானார்.

அவ்வைத்தியசாலை 1784இல் இரண்டாம் யோசேப்புப் பேரரசரால் திறக்கப்பட்டது. அதன் பிரசவப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் ஏழைகள். மணமாகாது தாய்மை எய்தியவர்களும் அவர்களிற் பலர். இலவசமாய்ப் பெற்ற பராமரிப்புக்கு ஈடாக அவர்கள் தம் உடலை மாணாக்கரின் பயிற்சிக்கு ஒப்புக்கொடுத்தனர். 1840 முதல் முதலாம் பிரிவில் மருத்துவ மாணாக்கரும் இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சிகளும் பயின்றனர். இன்ன நாளில் வருபவர் இன்ன பிரிவுக்கு என்று முறை வைத்துச் சேர்க்கப்பட்டதால், கர்ப்பிணியின் ஊழை நாட்காட்டியே தீர்மானித்தது என்னலாம். 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3754 பிரசவங்களில் இறந்தவர்கள் 105 பேர். நூற்றுக்கு 11.4க்கும் 2.8க்கும் உள்ள இவ்வேறுபாட்டை நகரத்துப் பெண்கள் நன்கறிந்திருந்தனர். முதலாம் பிரிவிலே தம்மைச் சேர்க்கவேண்டாமென்று முழந்தாளிட்டு மன்றாடினர். தெருவிலே பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வந்தவர்கள்கூட, உள்ளே வந்து பெற்றவர்களைவிட நலமாகப் பிழைத்தனர்.

அறிஞர்கள் சொல்லிய காரணம் காற்றிலும் மண்ணிலும் வானிலும் உள்ள ஏதோ தீய சக்தி என்பது. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துள்ள இரு பிரிவுகளில் ஒன்றை மட்டும் அத்தீய சக்தி தெரிந்தெடுப்பது எங்ஙனம்? செம்மெல்வைஸ் இக்கேள்வியை விடவில்லை. நெருக்கம் காரணமோவெனின், இரண்டாம் பிரிவிலேயே நெருக்கம் அதிகம். பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பெறும் முறையை முதலாம் பிரிவிலும் கொணர்ந்து பார்த்தார்; பயனில்லை. மரணத் தறுவாயிலுள்ளவர்க்கு நற்கருணை கொண்டுவரும் குருவானவர், முதலாம் பிரிவில் மணியொலியுடன் பல அறைகளைக் கடந்தே செல்வார். அவ்வொலி பெண்களைக் கலங்கச்செய்கிறதோ என்று ஐயுற்று, மணியை நிறுத்தி வேறு வழியாற் செல்லும்படி வேண்டிக்கொண்டார். மரணம் குறையவில்லை. அந்நிய நாட்டு மாணாக்கர் முரட்டுத்தனமாகச் சோதிப்பதே காரணமென்று விசாரணைக் குழுவொன்று கூறியது. மாணாக்கர் தொகை பாதியாகக் குறைக்கப்பட்டது. சிறிது காலம் தணிந்த மரணம் மீண்டும் ஏறிற்று. இவ்வளவுக்கும் அவர் நாள்தோறும் காலையில், முதல்நாள் இறந்த தாய்மாரின் சடலங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டே பிரசவ அறைக்குச் சென்றுவந்தார். உண்மையைத் தேடிய கைகளே நஞ்சைச் சுமந்தன என்பதை அவர் அப்போது அறியார்.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வெனிஸ் நகருக்குச் சென்று திரும்பிய அவருக்குத் துயரச் செய்தியொன்று காத்திருந்தது. சட்ட மருத்துவப் பேராசிரியரும் அவருடைய நண்பருமான யாக்கோப் கொலெட்ஷ்கா இறந்துபோனார். பிரேத பரிசோதனையின்போது மாணாக்கன் ஒருவனின் கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு காயமே உயிரைக் குடித்தது. பரிசோதனை அறிக்கையைப் படித்த செம்மெல்வைஸ் திடுக்கிட்டார். பிரசவசன்னியால் இறந்த நூற்றுக்கணக்கான பெண்களின் உடலில் அவர் கண்ட அதே அடையாளங்கள் நண்பரின் உடலிலும் இருந்தன. கத்தி கொண்டு சென்றதைத் தாய்மாருக்குக் கொண்டு சென்றது எது? சவ அறையிலிருந்து நேரே வரும் வைத்தியரதும் மாணாக்கரதும் கைகளே. மருத்துவிச்சிகள் சவத்தை அறுப்பதில்லை. தெருவிற் பெற்றவளை எவரும் கைவிட்டுச் சோதிப்பதில்லை. விடை முழுவதும் ஒன்றோடொன்று பொருந்திற்று.

சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னும் கைகளில் பிண நாற்றம் நிற்பதைக் கொண்டு, நாற்றத்தைப் போக்குவது நஞ்சையும் போக்குமென்று அவர் ஊகித்தார். மே மாத நடுப்பகுதியிலிருந்து, பிரசவ அறையினுட் புகும் யாவரும் குளோரின் நீரிற் கைகழுவ வேண்டுமென்று கட்டளையிட்டார். பின்னர் செலவு கருதி வெளிற்றுந்தூட் கரைசலைப் பயன்படுத்தினர். ஏப்பிரலில் நூற்றுக்கு 18ஐத் தாண்டியிருந்த மரணம், யூனில் 2.2 ஆகவும் யூலையில் 1.2 ஆகவும் வீழ்ந்தது. அக்டோபரில் ஒரு சோதனை நேர்ந்தது. சீழ்வடியும் கருப்பைப் புற்றுநோயாளி ஒருத்தியைச் சோதித்த கைகள், சவர்க்காரத்தினால் மட்டுமே கழுவப்பட்டு, அடுத்திருந்த பெண்களைச் சோதித்தன. பன்னிருவரிற் பதினொருவர் மாண்டனர். பிணம் மட்டுமன்று, அழுகும் உயிர்ப்பொருள் எதுவும் நஞ்சாகும் என்பதை இதனால் அறிந்தார். 1848இல் முதலாம் பிரிவின் மரண வீதம் நூற்றுக்கு 1.27, அவ்வாண்டின் இரு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இத்தனை தெளிவான உண்மையை உலகம் உடனே ஏற்றதோவெனின், இல்லை. ரொக்கிற்றான்ஸ்கி, ஸ்கோடா, ஹெப்ரா என்னும் பேரறிஞர் மூவரும் அவரை ஆதரித்தனர். கிளைனோ எதிர்த்தார். சவ அறுப்பைப் பிரசவ மாணாக்கரின் பயிற்சியிற் சேர்த்தவர் அவரே. தம் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? யேர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் மிக்காயலிஸ் ஒப்புக்கொண்டார். தாம் பிரசவம் பார்த்த உறவுப் பெண்ணொருத்தியின் மரணத்துக்குத் தாமே காரணமென்ற எண்ணம் வருத்த, 1848இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆயினும் பழி முழுவதையும் எதிரிகள்மேற் சுமத்துதல் நியாயமன்று. செம்மெல்வைஸ் எழுதத் தயங்கினார். அவர் கண்டுபிடிப்பை முதலில் அச்சிற் கொணர்ந்தவர் ஹெப்ரா. பிறர் வாயிலாகச் சென்ற செய்தி பிண நஞ்சு என்ற அளவிலே சுருங்கிற்று. இந்நோய் தொற்றுவதென முன்னரே கருதிய பிரித்தானிய வைத்தியர், இதிற் புதுமையென்ன என்று தள்ளிவிட்டனர். நுண்ணுயிர்க் கொள்கை பிறவாத அக்காலத்தில் அந்நஞ்சு யாதென்று காட்டவும் அவரால் இயலவில்லை. 1849இல் அவருடைய பதவி நீடிக்கப்படவில்லை. 1850இல் கிடைத்த விரிவுரையாளர் பதவியோ, பதுமையைக் கொண்டு மட்டுமே கற்பிக்கலாம் என்ற கட்டுப்பாட்டுடன் வந்தது. நண்பர்களிடங்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டகன்றார். அவர் இருந்து போராடியிருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

பெஸ்த் நகரின் புனித ரோக்குஸ் வைத்தியசாலையில் ஆறாண்டுகளில் 933 பிரசவங்கள் நடந்தன. சன்னியால் இறந்தவர்கள் எண்மரே. 1855இல் பெஸ்த் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1857இல் மணம் புரிந்தார். பதின்மூன்றாண்டு கழித்து, 1861ஆம் ஆண்டைத் தாங்கி அவர் பெருநூல் வெளிவந்தது. அட்டவணைகள் நிறைந்த அந்நூலில் வாதமும் வசையும் கலந்து கிடந்தன. பின்னர் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, தம்மை மறுத்த பேராசிரியர்களைக் கொலைகாரரென்றே சாடினார். உண்மை அவர் பக்கம் இருந்தது; கேட்பார் குறைந்தனர்.

1865இல் அவர் மனம் பேதலித்தது. யூலை இறுதியில், வேறு காரணஞ் சொல்லி வியன்னாவுக்கு அழைத்துவரப்பட்டு, மனநோயாளர் விடுதியொன்றில் அடைக்கப்பட்டார். தப்பமுயன்றவரைக் காவலர் அடித்தனர். கையில் இருந்த புண் அழுகி, நஞ்சு இரத்தத்தில் ஏறி, ஆகஸ்டு 13ஆந் தேதி, நாற்பத்தேழாம் வயதில் உயிர்நீத்தார். கொலெட்ஷ்காவைக் கொன்றதும் தாய்மாரைக் கொன்றதும் அதுவே. அவருடைய சடலம் அவர் பணிபுரிந்த பொது வைத்தியசாலையிலேயே அறுத்துச் சோதிக்கப்பட்டது.

அதற்கு முதல்நாள் கிளாஸ்கோ நகரில், யோசேப்பு லிஸ்டர் என்னும் சத்திரவைத்தியர், கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்துக் கட்டியிருந்தார். 1879இல் லூயி பாஸ்டர், சங்கிலிபோற் கோத்த நுண்ணுயிர்களைப் படமாக வரைந்து, பிரசவசன்னிக்குக் காரணம் இவையென்று பாரிஸ் அறிஞர் அவையில் காட்டினார். செம்மெல்வைசின் எலும்புகள் 1891இல் புடாபெஸ்துக்குக் கொணரப்பட்டு, 1964இல் அவர் பிறந்த வீட்டிலேயே வைக்கப்பட்டன. 1969இல் அந்நகரின் மருத்துவச் சர்வகலாசாலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.