நால்வரைத் தேர்ந்தது நாம். ஒருவரைத் தேர்ந்தது யார்? எம்.சி. ராஜாவின் வாழ்வு தரும் பாடம்

அமெரிக்கக் கட்சிகளின் முதனிலைத் தேர்தலில் வாக்காளர்கள் அளிக்கும் வாக்குகளுக்கேற்பப் பேராளர்கள் ஒதுக்கப்படுகின்றனர்; குடியரசுத் தலைவர் வேட்பாளரை அப்பேராளர்கள் கட்சி மாநாட்டில் அறிவிக்கின்றனர். முதனிலைத் தேர்தல் நமக்கும் புதிதன்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே அப்படியொன்று இந்நாட்டில் நடந்தது. அதை உருவாக்கிய பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் எம்.சி. ராஜா.

1883இல் பரங்கிமலையில் பிறந்த ராஜா, ஆசிரியராகப் பணியாற்றிப் பாடநூல்கள் எழுதினார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக, இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்றே அழைக்க வேண்டுமென 1922இல் தீர்மானம் கொணர்ந்தார். நீதிக்கட்சி நம் மக்களைப் புறக்கணிப்பதாகக் கண்டு, அடுத்த ஆண்டில் அதிலிருந்து விலகினார்.

1932இல் அண்ணல் அம்பேத்கர் தனித்தொகுதி வாக்குரிமையைக் கோரியபோது, ராஜா மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு கூட்டு வாக்குரிமையை ஆதரித்தார். ஆகஸ்டு மாத அரசாணை தனி வாக்குரிமையை அளித்தது. சென்னை மாகாணத்துக்கு 18 இடங்கள். காந்தியாரின் உண்ணாநோன்பு அதை மாற்றியது. செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் சென்னைக்கு 30 இடங்களும், மாகாணங்கள் அனைத்துக்கும் 148 இடங்களும் வழங்கியது.

ஆனால் தேர்தல் இரண்டு கட்டங்களாயிற்று. முதற்கட்டத்தில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வர். இரண்டாம் கட்டத்தில் தொகுதியின் எல்லாச் சாதி வாக்காளர்களும் அந்நால்வருள் ஒருவரைத் தேர்வர். முதற்கட்டத்தில் நான்காமிடம் பெற்றவரும் பிறர் வாக்குகளால் வெல்லக்கூடும். வாக்குரிமையோ சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. பட்டு நெய்யும் பெரணமல்லூரை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலும் நிலமற்ற சேரி மக்களுள் பெரும்பாலோர் வாக்குச்சாவடியை மிதித்ததேயில்லை.

1937இல் சட்டமன்றம் புகுந்த ராஜா, இடைக்கால அமைச்சரவையில் சில திங்கள் அமைச்சராகவும் இருந்தார். 1938இல் அவர் கொணர்ந்த ஆலய நுழைவு மசோதாவை ஆளும் காங்கிரஸ் தோற்கடித்தது. ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்ற காங்கிரஸ் உறுப்பினர்களைக் கட்சிக் கட்டுப்பாடு பிணைத்திருந்தது. தாம் நம்பிய கூட்டு வாக்குரிமையின் குறையை ராஜா கண்ணால் கண்டார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை அம்பேத்கருடன் சென்று சந்தித்தார்; எதிரெதிர் நின்ற இருவரும் ஒரே கோரிக்கையில் இணைந்தனர். மறு ஆண்டு ராஜா மறைந்தார்.

குடியரசு அமைந்தபின் முதற்கட்டத் தேர்தல் ஒழிந்தது. ஒதுக்கீடும் கூட்டு வாக்குரிமையும் நின்றன. அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது பெரும்பேறு. ஆயினும் தனித்தொகுதி உறுப்பினர் எவருக்குக் கடன்பட்டவர் என்னும் வினா நம்முன் நிற்கிறது. இடங்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாமல், இறுதி வாக்கு எவர் கையிலுள்ளது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.