தசைக்கு உடனடி எரிபொருள் எது? சென்னையில் படித்த சுப்பாராவ் கண்டுபிடித்த கதை

அதிராம்பட்டினம் உப்பளங்களில் கோடை வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும், பிறகு கூடையில் சுமக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்துதான் இந்த அவசரம். ஆனால் அந்த உடலைச் சுடுவது வெயில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தசையும்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறது. கடும் உழைப்பில் அது நாலைந்து மடங்காகும். தசை செலவிடும் ஆற்றலில், ரொம்ப நல்ல நிலையில்கூட, நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி எல்லாம் சூடு. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால், இயற்பியல் கணக்குப்படி நீங்கள் செய்த வேலை பூஜ்யம். ஆனாலும் தசை ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், அத்தனையும் வெப்பமாகும்.

சரி, தசை அப்படி எதைத்தான் செலவழிக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் பெரும் பங்கு, சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவுக்கு உண்டு.

நோபல் வாங்கிய தவறான விடை

இங்கிலாந்தின் ஏ.வி. ஹில், தவளைத் தசை ஒருமுறை சுருங்கும்போது எழும் வெப்பத்தை அளந்தவர். டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான் அது. சுருங்கும் நேரத்து வெப்பத்துக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை, சுருங்கி முடிந்தபின் மெதுவாக வரும் வெப்பத்துக்குத்தான் தேவை என்று அவர் காட்டினார். அதாவது தசை முதலில் கடனுக்குச் செலவழித்துவிட்டு, பிறகு மூச்சுக்காற்றை வைத்து அடைக்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹாஃபுடன் சேர்ந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஹிலின் அளவீடுகள் இன்றும் நிற்கின்றன. ஆனால், ஆக்ஸிஜன் இல்லாமல் நடக்கும் அந்த முதல் செலவு எது? கிளைக்கோஜன் உடைந்து லாக்டிக் அமிலம் உருவாவதுதான் தசையைச் சுருக்குகிறது என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அது தவறு.

காசிக்கு ஓடப் பார்த்த பையன்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். வறுமையான வீடு. சிறுவயதில் வீட்டில் சொல்லாமல் காசிக்குக் கிளம்பி, யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று நினைத்த பையன். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியது மூன்றாவது முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை அறைக்குக் கதராடை போட்டுச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் பாடம் எடுத்தார்.

சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். மாமனார் உதவியோடு 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் பெட்பேன் கழுவும் வேலை. ஊரில் பிறந்த மகன் பச்சைக் குழந்தையாகவே இறந்துபோனான். சுப்பாராவ் அவனைப் பார்த்ததே இல்லை, இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை.

நிற்காமல் கூடிய நீலம்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்க எளிய முறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். மாதிரியில் வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் அது பரவியது.

அந்த முறையில் தசைச் சாற்றைச் சோதித்தபோது ஒரு விநோதம். சில நிமிடங்களில் நிலைக்க வேண்டிய நீலம், நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. வேறு யாராவது என்றால் மருந்து கெட்டுப்போச்சு என்று கொட்டியிருக்கலாம். இவர்கள் விடவில்லை. எளிதில் உடையும் ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாஸ்பேட்டை விடுகிறது என்று பிடித்தார்கள். அதுதான் கிரியேட்டின் பாஸ்பேட். பூனையின் தசையை மின்சாரத்தால் தூண்டினால் அது குறைந்தது, ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஏறியது. 1927இல் இது வெளியானது. அதே ஆண்டில் லண்டனில் எக்ல்டன் தம்பதியும் இதே பொருளைத் தனியாகக் கண்டறிந்தனர்.

1929இல் ஃபிஸ்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியின் கார்ல் லோமான் அதே ஆண்டில் சற்று முன்பே அதை அறிவித்துவிட்டார்.

டெல்டாக்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: கிளைக்கோஜன் குதிரில் இருக்கும் நெல், கிரியேட்டின் பாஸ்பேட் பானையில் இருக்கும் சோறு, ஏடிபி கையில் இருக்கும் கவளம். தசை தின்பது கவளத்தை மட்டும்தான். சில வினாடிகளுக்குத்தான் அது வரும். தீரத் தீரப் பானையிலிருந்து நிரம்பும். பானையும் முழு வேகத்தில் பத்து வினாடி சுமாருக்குத்தான் தாங்கும், அதற்குள் நெல் சோறாகி வர வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சூடு வெளியேறும். உழைப்பாளியின் உடல் கொதிப்பது இதனால்தான். அந்தச் சூட்டைத் தணிக்க வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். கடற்கரையின் ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தே போய்விடுகிறது, அதுதான் ஆபத்து.

1930இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாமல் தடுத்தாலும் தசை சுருங்குவதைக் காட்டினார். பழைய கொள்கை முடிந்தது. ஹில் முரண்டு பிடிக்கவில்லை, இது ஒரு புரட்சி என்று 1932இல் தானே ஒப்புக்கொண்டு எழுதினார். பின்னாளில், 1943-44இல், அவர் அரசு அழைப்பில் இந்தியா வந்து அறிவியல் ஆய்வு பற்றி அறிக்கையும் கொடுத்தார். அப்போது சுப்பாராவ் இருந்தது நியூயார்க் மாநிலத்தில்.

நிரந்தர வேலை இல்லை

ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு 1940இல் மாறினார். ஃபோலிக் அமிலம் அங்கே அவர் குழு செயற்கையாகத் தயாரித்தது. யானைக்கால் நோய்க்கான டிஇசி மருந்தும் அங்கிருந்து வந்ததுதான். காவிரி டெல்டாவில் யானைக்கால் எத்தனை குடும்பங்களைப் படுத்தியது என்பது அங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். மாத்திரையை விழுங்கிய எத்தனை பேர் சுப்பாராவ் பேரைக் கேட்டிருப்பார்கள்?

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். இந்திய அஞ்சல்துறை அவர் நூற்றாண்டான 1995இல் தபால்தலை வெளியிட்டது.

சுருங்கும் தசை நேரடியாக ஏடிபியைத்தான் செலவழிக்கிறது என்பதை யாராலும் நெடுநாள் அளந்து காட்ட முடியவில்லை. குறைந்த அடுத்த கணமே கிரியேட்டின் பாஸ்பேட் அதை நிரப்பிவிடும், கணக்கில் குறைவே தெரியாது. 1962இல் அமெரிக்காவில் கெய்ன், டேவிஸ் இருவரும் தவளைத் தசையில் அந்த நிரப்பும் வழியை மருந்தால் அடைத்துவிட்டு அளந்தார்கள். ஒரே சுருக்கத்தில் ஏடிபி குறைந்தது தெரிந்தது. சுப்பாராவ் இறந்து அப்போது 14 ஆண்டுகள்.