முட்டாள் துப்பறிவாளரைப் படைத்த புத்திசாலி!

குட்டீஸ்... உங்கள் சைக்கிள் காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

சென்னை மாதிரி பெரிய நகரம் என்றால், எடுத்தவர் யாரோ, எந்தத் தெருவோ! ஆனால் நீங்கள் இருப்பது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள காரியாபட்டி மாதிரி ஒரு சின்ன ஊர். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு உங்கள் தாத்தாவையே தெரியும். தெருவில் புது ஆள் ஒருவர் நடந்து போனால், திண்ணையில் இருக்கும் பாட்டி யார், எவர் என்று விசாரித்துவிடுவார்.

அப்படியென்றால், சைக்கிளை எடுத்தவரும் உங்களுக்குத் தெரிந்த ஒருவராகத்தானே இருக்க வேண்டும்? போன வாரம் உங்களோடு கபடி விளையாடிய நண்பனாகக்கூட இருக்கலாம்.

இப்போது பாருங்கள், கேள்வியே மாறிவிட்டது! யார் எடுத்தது என்பது மட்டும் கேள்வி இல்லை. ஏன் எடுத்தான்? அவன் வீட்டில் என்ன கஷ்டம்? கண்டுபிடித்த பிறகு அவனோடு பேசுவதா, வேண்டாமா?

துப்பறியும் கதைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திருடனைப் பிடிக்கும் கதை. இன்னொன்று, மனிதர்களைப் புரிந்துகொள்ளும் கதை. இந்த இரண்டாவது வகைக் கதைகளைத் தமிழில் சிரிக்கச் சிரிக்க எழுதிய ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறோம். அவர்தான் தேவன்!

கோயில் ஊர்ப் பையன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிடைமருதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய மகாலிங்க சுவாமி கோயில், தேரோடும் வீதிகள், கொஞ்ச தூரத்தில் காவிரி ஆறு. இந்த ஊரில் 1913-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. மகாதேவன் என்று பெயர் வைத்தார்கள்.

மகாதேவன் உள்ளூர்ப் பள்ளியில் படித்தார். பிறகு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். கணித மேதை இராமானுஜன் சில காலம் படித்தாரே, அதே கல்லூரிதான்!

படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். ஆனால் அவர் மனசு முழுக்க எழுத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.வாசன் நடத்திய ஆனந்த விகடன் பத்திரிகை தமிழ்நாடு முழுவதும் புகழ் பெற்றிருந்தது. அதன் ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி. அந்தப் பத்திரிகையில் 21 வயதிலேயே உதவி ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார் மகாதேவன்.

எழுதுவதற்காக ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். மகா என்றால் பெரிய என்று பொருள் இல்லையா? தன் பெயரிலிருந்து அந்தப் பெரியதை எடுத்துவிட்டு, தேவன் என்று மட்டும் வைத்துக்கொண்டார்!

குண்டு பயமும் குபீர் சிரிப்பும்

சில ஆண்டுகளில் விகடனுக்கு ஒரு சோதனை வந்தது. கல்கி விலகிப் போய், 1941-ல் தன் பெயரிலேயே தனிப் பத்திரிகை தொடங்கினார். வாரந்தோறும் அவர் எழுத்துக்காகக் காத்திருந்த வாசகர்கள் ஏராளம். அவர் இல்லாத விகடனை இனி யார் படிப்பார்கள்?

1942-ல் நிர்வாக ஆசிரியர் பொறுப்பு தேவன் தோளில் ஏறியது. அப்போது அவருக்கு வயது 30 கூட ஆகவில்லை.

அது எப்படிப்பட்ட நேரம் தெரியுமா? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போடும் என்ற பயம். 1942 ஏப்ரலில் சென்னை மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறிச் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கலகலப்பாக இருந்த தெருக்கள் எல்லாம் வெறிச்சோடிப் போயின.

ஊரே பயந்து கிடந்த அந்த ஆண்டில்தான், தேவன் ஒரு கதைத் தொடரை ஆரம்பித்தார். அதன் பெயர், துப்பறியும் சாம்பு!

யார் இந்த சாம்பு?

உங்களுக்குத் தெரிந்த துப்பறிவாளர்களை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில் 1887-ல் அறிமுகப்படுத்திய ஷெர்லக் ஹோம்ஸ், காலணியில் ஒட்டிய மண்ணைப் பார்த்தே ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவார். சிவகாசியிலிருந்து 1972-ல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பே மறைந்துவிடும்!

சாம்புவிடம் என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை! வழுக்கைத் தலை, பெரிய மூக்கு, ஒன்றும் புரியாதது போன்ற முழி. வயது நாற்பதைத் தொட்ட ஒரு பாங்கு குமாஸ்தா. வேலையிலும் கெட்டிக்காரர் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் அவரை முட்டாள் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். கடைசியில் அந்த வேலையும் போய்விடுகிறது.

அப்படிப்பட்டவர் துப்பறிய வந்தால் எப்படி இருக்கும்? ஒன்றை நினைத்துக்கொண்டு ஓர் இடத்துக்குப் போவார். அங்கே வேறு ஏதோ நடக்கும். பயத்தில் ஓடுவார், தடுக்கி விழுவார். எல்லாம் முடிந்து எழுந்து பார்த்தால், போலீஸ் தேடிக்கொண்டிருந்த குற்றவாளி மாட்டியிருப்பான்! என்ன நடந்தது என்று சாம்புவுக்கே புரியாது. ஊரோ அவரைப் பெரிய மூளைக்காரர் என்று கொண்டாடும்.

இந்தக் கதைகளில் ஒரு அழகான நட்பும் உண்டு. இன்ஸ்பெக்டர் கோபாலன் சாம்புவை முழுசாக நம்புகிறார். சாம்பு தடுமாறி உளறினாலும், அதில் ஏதோ பெரிய உள்ளர்த்தம் இருப்பதாகவே நினைப்பார். உலகமே ஒருவரை முட்டாள் என்று சொல்லும்போது, நம்புவதற்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். அது எவ்வளவு பெரிய பலம்! சாம்புவுக்கு வேம்பு என்று ஒரு மனைவியும் வருகிறார். ஆக, துப்பறியும் கதைக்குள்ளேயே ஒரு குடும்பக் கதையும் நடக்கும்.

ஓவியர் ராஜு வரைந்த படங்களைப் பார்த்ததும் சாம்பு எல்லோருடைய மனசிலும் ஒட்டிக்கொண்டார். இப்படி ஐம்பது கதைகளில் சாம்புவை நடமாட விட்டார் தேவன். குண்டு பயத்தில் இருந்தவர்களும் படித்துவிட்டுக் குபீரென்று சிரித்தார்கள்.

சரவெடி ரகசியம்

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்புவுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் தேவனுக்கு அப்படி இல்லை!

தீபாவளிக்கு நீங்கள் சரவெடி பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வெடியின் திரியையும் அடுத்ததோடு சேர்த்துப் பின்னியிருப்பார்கள். நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போனால், சரம் பாதியிலேயே நின்றுவிடும். வெடிக்கும்போது நமக்குச் சத்தம்தான் கேட்கிறது. பின்னிய கைகளின் பொறுமை கண்ணுக்குத் தெரிவதில்லை.

துப்பறியும் கதையும் அப்படித்தான். முடிவில் சாம்பு தடுக்கி விழ வேண்டும் என்றால், விழும் இடத்தில் திருடன் இருக்க வேண்டும். அவன் ஏன் அங்கே வந்தான் என்பதற்கு முதலிலேயே ஒரு காரணம் சொல்லியிருக்க வேண்டும். அதையும் நமக்குச் சந்தேகம் வராதபடி சொல்லியிருக்க வேண்டும்! பத்திரிகை வேலைக்கு நடுவே வாரா வாரம் இப்படிப் பின்னினார் தேவன். முட்டாள் சாம்புவுக்குப் பின்னால் ஒரு புத்திசாலியின் உழைப்பு இருந்தது.

தேவனுக்கு முன்பே தமிழில் துப்பறியும் நாவல்கள் வந்திருக்கின்றன. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் விறுவிறுப்பாக எழுதினார்கள். இங்கிலீஷ் நாவல்களைத் தழுவி எழுதிய கதைகளும் அவற்றில் உண்டு. ஆனால் சாம்பு நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே இருந்தார். அதனால்தான் அவரை எல்லோருக்கும் பிடித்தது.

ஒளித்து வைத்த உண்மைகள்

தேவன் சிரிப்புக் கதைகள் மட்டும் எழுதவில்லை. மனிதர்கள் மனசுக்குள் ஒளித்து வைக்கும் உண்மைகளைப் பற்றியும் எழுதினார்.

ஸ்ரீமான் சுதர்சனம் என்று ஒரு நாவல். சுதர்சனம் ஒரு சாதாரண குமாஸ்தா. சம்பளம் கொஞ்சம், வீட்டுச் செலவோ அதிகம். சமாளிக்க முடியாமல் அலுவலகப் பணத்தில் கை வைத்துவிடுகிறார். அப்புறம் நிம்மதி ஏது? யார் கூப்பிட்டாலும் திக்கென்கிறது. இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை. நமக்குத் தெரியும்! ஆனாலும் படிக்கும்போது நம் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொள்ளும். நல்லவர் ஒருவர் தப்பு செய்துவிட்டு, அதை மறைக்கப் படும் பாட்டை அத்தனை நிஜமாக எழுதியிருக்கிறார் தேவன்.

ஜஸ்டிஸ் ஜகந்நாதன் இன்னொரு நாவல். இது ஒரு கொலை வழக்கின் விசாரணை. அந்தக் காலத்தில் நீதிபதியோடு ஜூரர்கள் என்று பொதுமக்களில் சிலரையும் உட்கார வைப்பார்கள். வழக்கைக் கேட்டு, அவர்களும் தங்கள் முடிவைச் சொல்வார்கள். பின்னாளில் இந்தியாவில் அந்த முறை கைவிடப்பட்டது. சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற ஏற, மறைந்திருந்த உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். துப்பாக்கிச் சண்டை, துரத்தல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேள்வியும் பதிலும் போதுமாக இருந்தது!

சி.ஐ.டி. சந்துரு என்ற நாவலில், சாம்புவுக்கு நேர்மாறாக, நிஜமாகவே கெட்டிக்காரரான ஒரு துப்பறிவாளரைப் படைத்தார். அவருடைய கோமதியின் காதலன் 1955-ல் திரைப்படமாகவும் வந்தது. தமிழ் எழுத்தாளர் சங்கத்தின் தலைவராகவும் தேவன் இருந்திருக்கிறார்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி என்ற எழுத்தாளர் புகழ் பெற்றிருந்தார். அவர் படைத்த மிஸ் மார்ப்பிள், ஒரு சின்னக் கிராமத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் பாட்டி! மார்ப்பிள் பாட்டி வரும் முதல் நாவல் 1930-ல் வெளிவந்தது. ஊர் மனிதர்களின் குணங்களை வைத்தே பாட்டி கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். கடல் கடந்து இருந்த அந்த எழுத்தாளருக்கும் நம் தேவனுக்கும் ஒரு விஷயம் புரிந்திருந்தது. தடயம் என்பது கைரேகையில் மட்டும் இல்லை. மனித மனசிலும் இருக்கிறது!

சீக்கிரமே முடிந்த பயணம்

1957-ம் ஆண்டு மே 5-ந் தேதி தேவன் காலமானார். அப்போது அவருக்கு வயது 43-தான். அந்த ஆண்டு வரைக்கும் விகடன் பொறுப்பை அவர் விடவே இல்லை.

அவர் போய்விட்டாலும் சாம்பு போகவில்லை. ஓவியர் கோபுலுவின் கைவண்ணத்தில் சித்திரக்கதையாக வந்தார். மேடை நாடகத்தில் வந்தார். தொலைக்காட்சியிலும் வந்தார். இன்றும் புத்தகமாகக் கிடைக்கிறார்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வகுப்பில் மக்கு என்று பட்டப்பெயர் வைக்கப்பட்ட யாராவது இருக்கிறார்களா? ஒருவேளை அந்தப் பெயர் உங்களுக்கே வைக்கப்பட்டிருக்கிறதா?

சாம்பு மாதிரி எல்லோருக்கும் அதிர்ஷ்டம் அடிக்காது. அது கதையில் மட்டும்தான். ஆனால் தேவன் செய்ததை நாம் எல்லோருமே செய்யலாம். முட்டாள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒருவரை, ஒதுக்காமல் கூர்ந்து பார்த்தார் அவர். அதனால்தான் ஒரு சாம்பு கிடைத்தார்! அந்த வகுப்பு நண்பனின் பக்கத்தில் நாளைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். அவனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று துப்பறிந்து பாருங்கள். அவனுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் கோபாலன் கிடைத்த மாதிரி இருக்கும்.

சரி, அந்தக் காணாமல் போன சைக்கிள் என்ன ஆச்சு?

உங்கள் நண்பன்தான் எடுத்திருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் தங்கைக்கு ராத்திரி கடும் காய்ச்சல். மருந்து வாங்க ஓட வேண்டும். உங்களை எழுப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. காலையில் திருப்பி வைக்கலாம் என்றால், அதற்குள் தெருவே கூடி, திருட்டு திருட்டு என்று பேசத் தொடங்கிவிட்டது. இப்போது வெளியே சொல்லவும் பயம்.

கண்டுபிடித்தாயிற்று. இனி என்ன செய்வீர்கள்? தெருவில் எல்லோர் முன்னாலும் அவனைக் காட்டிக்கொடுப்பீர்களா? தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்பீர்களா?

நண்பர்களே, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போனால் தேவன் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சாம்புவைப் படியுங்கள், வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். கொஞ்சம் பெரியவர்கள் ஆனதும் சுதர்சனத்தைப் படியுங்கள். சைக்கிள் கேள்விக்கு அப்போது நீங்களே ஒரு நல்ல பதில் சொல்வீர்கள்!