வெந்நீர் தந்த பேராசிரியர் ஹியூகோ யுங்கர்ஸ்

வேதியியல் பயிலும் மாணவர்கள், எரிபொருள்கள் பற்றிய பாடத்தில் ஜங்கர்ஸ் கலோரிமானி என்ற பெயரைச் சந்தித்திருப்பார்கள். வாயு எரிபொருளின் கலோரி மதிப்பைக் காண உதவும் கருவி அது. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, தேர்வில் மதிப்பெண் பெற்றதும் அதை மறந்துவிடுவதே நம்மில் பலருடைய வழக்கம். அப்பெயருக்கு உரிய மனிதர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. ஜெர்மானியர் யுங்கர்ஸ் என்று உச்சரிக்கும் அந்தப் பெயர், ஒரு காலத்தில் குளியலறைச் சுவரிலும் விளங்கியது. ஆகாய விமானத்திலும் விளங்கியது. இரண்டையும் படைத்த ஹியூகோ யுங்கர்ஸின் வாழ்க்கை, விஞ்ஞானம் பயில்வோர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

யுங்கர்ஸ் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், ஜெர்மனியின் ரைன் பகுதியிலுள்ள ரைட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் நெசவாலை உரிமையாளர். பெர்லின், கார்ல்ஸ்ரூ, ஆகன் ஆகிய நகரங்களின் தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயின்று 1883இல் படிப்பை முடித்தார். பட்டம் பெற்றதோடு அவர் ஆவல் அடங்கவில்லை. மீண்டும் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்லாபியின் விரிவுரைகளைக் கேட்டார். அத்தொடர்பின் பயனாக 1888இல் டெஸ்ஸாவ் நகரத்து வாயு நிறுவனத்தில், ஓஹெல்ஹாய்சர் என்ற பொறியாளருடன் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியது.

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரி வாயுவே தெருவிளக்குகளை எரித்தது. மின்விளக்கு வந்து போட்டியிடத் தொடங்கியதும், வாயுவுக்கு வேறு பயன்களைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. இருவரும் வாயுவால் இயங்கும் புதுவகை எஞ்சினை ஆராய்ந்தனர். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. எஞ்சினின் திறனைக் கூற வேண்டுமானால், அது உண்ணும் வாயுவில் எவ்வளவு வெப்பம் அடங்கியுள்ளது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அதை விரைவாகவும் துல்லியமாகவும் அளக்க யுங்கர்ஸ் 1892இல் அமைத்ததே அவரது கலோரிமானி. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது.

அளவுகோல் அடுப்பாக மாறியது

இக்கருவியில் வாயு ஒரே சீராக எரிகிறது. சுடரிலிருந்து எழும் சூடான புகை, குழாய்களின் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது. அக்குழாய்களைச் சுற்றி நீர் கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. இவ்வாறு ஒன்றுக்கொன்று எதிராக ஓடுவதால் புகையின் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் நீருக்குள் சென்றுவிடுகிறது. உள்ளே வரும் நீரின் வெப்பநிலை, வெளியேறும் நீரின் வெப்பநிலை, ஓடிய நீரின் அளவு, எரிந்த வாயுவின் அளவு ஆகியவற்றை அறிந்தால் கணக்கு முடிந்தது.

நாம் இங்கே நின்றுவிடுவோம். யுங்கர்ஸ் நிற்கவில்லை. வெப்பத்தை வீணாக்காமல் நீரில் சேர்க்கும் கருவி, அளப்பதற்கு மட்டும்தானா பயன்படும் என்று எண்ணினார். 1895இல் லுட்விக் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து டெஸ்ஸாவில் யுங்கர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, வாயுவால் எரியும் வெந்நீர்க் கருவிகளைச் செய்யலானார்.

தொட்டியில்லாமல் ஓடும் நீரையே சூடாக்கும் எண்ணம் அவருக்கு முன்பே தோன்றியதுதான். 1868இல் லண்டனில் மாகன் என்பவர் அத்தகைய கருவி ஒன்றை அமைத்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரால் கீசர் என்று அழைத்தார். இன்று நம் வீடுகளிலும் வழங்கும் பெயர் அதுவே. ஆனால் மாகனின் கருவியில் எரிந்த வாயு நீரோடு நேரே கலந்தது. புகையை வெளியேற்றப் போக்கியும் இல்லை. யுங்கர்ஸின் கருவிகளில் நெருப்பு வேறு, நீர் வேறு. இடையே உலோகச் சுவர். நம் மாவட்டத்து அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்துக் கொதிகலனிலும் நீர் குழாய்க்குள் ஓட, நெருப்பு வெளியே எரிகிறது. அளவு வேறாயினும் தத்துவம் ஒன்றே.

குளிர்நாட்டு இல்லத்தின் தேவை

பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வாழும் நமக்கு வெந்நீர் மார்கழி மாதத்து வசதி. ஜெர்மனியில் அது குளிர்காலம் முழுவதும் அன்றாடத் தேவை. அங்கே குழாய் நீர் 5 டிகிரி வரை குளிர்ந்துவிடும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் அதை 40 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 24.5 கிலோவாட் வெப்பம் வேண்டும். நம் ஊரில் நீர் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 10.5 கிலோவாட் போதும். ஆகவே குளிர்நாட்டில் இக்கருவியைப் பொருத்துவோர், ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த நாளின் நீரைக் கொண்டுதான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையைப் பார்த்து வாங்கினால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரே கிடைக்கும்.

பொருத்திய பின்னும் கவனம் தேவை. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். செப்புக் குழாய் வெடித்துவிடும். எனவே சூடேற்றாத வீட்டைப் பூட்டிச் செல்வோர், கருவியிலுள்ள நீரை வடித்துவிட்டே செல்ல வேண்டும். ஆண்டுதோறும் சுடர்முனையைத் துடைத்து, செப்புத் தகடுகளில் படிந்த புகைக்கரியை நீக்க வேண்டும். கடின நீரைச் சூடாக்கினால் குழாயின் உட்புறம் சுண்ணாம்புப் படிவு உண்டாகி வெப்பத்தைத் தடுக்கும். வினிகர் போன்ற மென்மையான அமிலம் அதைக் கரைக்கும். கடல்நீர் நிலத்தடி நீரில் புகுந்துவிட்ட மீஞ்சூர்ப் பகுதியினருக்கு உப்பு நீரின் தொல்லையை விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது காற்று. காற்றோட்டமில்லாத அறையில் வாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிப்பவர் தாம் மயங்குவதையே உணரமாட்டார். நம் நாட்டிலும் சமையல் வாயுவால் எரியும் கீசரைச் சாத்திய குளியலறைக்குள் வைத்து உயிரிழந்தோர் உண்டு. கருவியைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைப்பதும், புகையைப் போக்கி வழியே வீட்டுக்கு வெளியே விடுவதும் உயிர் காக்கும் செயல்கள்.

வெந்நீரிலிருந்து வானுக்கு

1897இல் யுங்கர்ஸ் ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். 1912 வரை அங்கே கற்பித்துக்கொண்டே டெஸ்ஸாவ் தொழிற்சாலையையும் நடத்தினார். வெந்நீர்க் கருவிகள் ஈட்டிய இலாபத்தை அவர் ஆராய்ச்சிக்கே திருப்பினார். ஆகனில் உடன் பணியாற்றிய ரைஸ்னர் என்ற பேராசிரியரின் தூண்டுதலால், ஐம்பது வயதை நெருங்கும்போது அவர் கருத்து விமானத்தின்பால் சென்றது. அன்றைய விமானங்கள் மரச்சட்டமும் துணியுமாக இருந்தன. முழுவதும் உலோகத்தால் விமானம் செய்ய அவர் முனைந்தபோது பலர் நகைத்தனர். ஆனால் மெல்லிய தகட்டை வளைத்து இணைக்கும் கைத்திறன் அவருடைய வெந்நீர்க் கருவித் தொழிலாளரிடம் இருந்தது. 1915 டிசம்பர் 12ஆம் நாள் அவரது எஃகு விமானம் பறந்தது. அதைத் தகரக் கழுதை என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1919 ஜூன் 25இல் பறந்த எஃப் 13, நான்கு பயணிகளை ஏற்றிச் செல்லும் உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் விமானமாகப் புகழ்பெற்றது.

அவர் போரோடு தொடர்பே இல்லாதவர் என்று கூற இயலாது. முதல் உலகப் போரில் அவரது தொழிற்சாலை போர் விமானங்களைச் செய்தது. போருக்குப் பின் அரசின் தூண்டுதலால் மாஸ்கோ அருகே அவர் நிறுவிய தொழிற்சாலை பெரும் நட்டத்தில் முடிந்தது. எனினும் மக்களை மக்களோடு இணைக்கும் பயணிகள் விமானமே அவர் நெஞ்சில் முதலிடம் பெற்றிருந்தது.

பறிபோன பெயர்

உலகப் பொருளாதார மந்தம் அவரையும் தாக்கியது. விமானத் தொழிலையும் ஆராய்ச்சியையும் காப்பாற்ற வேண்டி, 1932 நவம்பரில் தம் முதல் குழந்தையான வெந்நீர்க் கருவி நிறுவனத்தை ராபர்ட் போஷ் நிறுவனத்துக்கு விற்றார். அந்தத் தியாகமும் பயன் தரவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். படைபலம் பெருக்க விரும்பிய அரசுக்கு யுங்கர்ஸின் தொழிற்சாலை தேவைப்பட்டது, யுங்கர்ஸ் தேவைப்படவில்லை. தேசத் துரோகக் குற்றம் சாட்டப்படும் என்று அச்சுறுத்தி, ஜூன் மாதத்தில் அவருடைய காப்புரிமைகளை எழுதி வாங்கினர். அக்டோபரில் நிறுவனப் பங்குகளில் 51 சதவீதத்தைப் பறித்தனர். இச்செயலை முன்னின்று நடத்திய விமானத்துறைச் செயலர் மில்ஷ், முன்பு யுங்கர்ஸின் விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் ஊதியம் பெற்றவர். டெஸ்ஸாவிலிருந்து வெளியேற்றப்பட்ட முதியவர், பவேரியாவில் காவலர் கண்காணிப்பில் நாட்களைக் கழித்தார். 1935 பிப்ரவரி 3ஆம் நாள், தமது 76ஆம் பிறந்தநாளன்று, மியூனிக் அருகே கௌட்டிங்கில் காலமானார். மீதிப் பங்குகளும் அவர் மனைவி தெரேசாவிடமிருந்து அரசின் கைக்குச் சென்றன.

அவர் மறைந்து ஏழு மாதங்களுக்குப் பின், யுங்கர்ஸ் 87 என்ற குண்டுவீச்சு விமானம் முதன்முறை பறந்தது. பயணிகளை ஏற்றிய யுங்கர்ஸ் 52 விமானங்கள், 1937இல் ஸ்பெயினின் குவெர்னிக்கா நகர்மீது குண்டு பொழிந்தன. 1939இல் போலந்து மக்கள் யுங்கர்ஸ் என்ற பெயரை அச்சத்துடன் அறிந்தனர். 1945 மார்ச் 7ஆம் நாள் நேச நாட்டு விமானங்கள் டெஸ்ஸாவ் நகரையே தரைமட்டமாக்கின. அந்தப் பெயருக்கு உரியவரோ இவற்றில் எதற்கும் ஒப்பம் இடவில்லை.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்றபின் நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளின் வாயிலில் வேலை தேடி நிற்கப் போகிறோம். அங்கே நம் அறிவும் உழைப்பும் பொருளாக உருவெடுக்கும். அப்பொருள் யார் கைக்குப் போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. நூறு பாடநூல்கள் கூறாத இதை யுங்கர்ஸின் வாழ்க்கை கூறுகிறது. குண்டுவீசிய விமானங்கள் இன்று காட்சிசாலைகளில் நிற்கின்றன. அவர் பெயர் தாங்கிய வெந்நீர்க் கருவிகளோ, அவர் மறைவுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஐரோப்பியக் குளிர்காலங்களில் எளிய குடும்பங்களின் குழந்தைகளைக் குளிப்பாட்டின. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் அந்தக் கலோரிமானியின் முன் நிற்கும்போது, அம்மனிதரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.